மே மாதத்துக்கு எந்தக் கடற்கரை? எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பொங்கல் முடிந்த கையோடு எங்கள் பயண ஏற்பாட்டுக் கடையில் போன் அடிக்கத் தொடங்கிவிட்டது. "மே லீவுக்கு இலங்கை போகலாம்னு இருக்கோம், பெந்தோட்டையில கடலைப் பார்த்த மாதிரி ஒரு ஓட்டல் பாருங்க" என்று இந்த இரண்டு வாரத்தில் பத்துப் பேராவது கேட்டிருப்பார்கள். பத்துப் பேருக்கும் ஒரே பதில்தான் சொன்னோம்: மே மாதத்தில் பெந்தோட்டை வேண்டாம். சிலர் சரி என்றார்கள், சிலருக்கு முகம் வாடியது போனிலேயே தெரிந்தது. ஒருவர், "ஆன்லைன்ல பாதி விலைக்குக் காட்டுது, நீங்க என்னடான்னா வேண்டாங்கறீங்க" என்று கோபமாக வைத்துவிட்டார். தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எல்லாருக்குமாக ஒரு மடல் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அந்தப் பாதி விலையில்தான் விஷயமே இருக்கிறது. கொழும்பில் ஆண்டிலேயே அதிகம் மழை கொட்டும் மாதங்களில் மே ஒன்று, அக்டோபர் இன்னொன்று. கொழும்புக்குத் தெற்கே பெந்தோட்டை, ஹிக்கடுவை, காலி என்று நீளும் கரை முழுக்க இதே கதைதான். 2017 மே கடைசியில் அந்தத் தென்மேற்குப் பகுதியில் வெள்ளமும் மண்சரிவும் வந்து இருநூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். எல்லா வருடமும் அப்படி நடக்கும் என்று பயமுறுத்தவில்லை. மழை விட்டு விட்டுப் பெய்யும், நடுவில் வெயிலும் அடிக்கும். ஆனால் கடல் சும்மா இருக்காது. அலை உயரமாக எழுந்து கரையில் அறையும், திரும்பும்போது காலைப் பிடித்து இழுக்கும். ஓட்டல்காரர்கள் சிவப்புக் கொடி கட்டிவிடுவார்கள். அப்புறம் நீச்சல் குளம்தான்.

இதை நாங்கள் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. கடை தொடங்கிய புதிதில், விலை குறைவாக இருக்கிறதே என்று ஒரு குடும்பத்தை மே இரண்டாவது வாரத்தில் அந்தக் கரைக்கு அனுப்பினோம். தாத்தா, பாட்டி, மூன்று பிள்ளைகள் என்று எட்டுப் பேர். நான்கு நாளும் கொடி இறங்கவே இல்லை. பிள்ளைகள் வராந்தாவில் உட்கார்ந்து கடலைப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஓட்டல்காரர் மேல் ஒரு குறையும் இல்லை. மாதம் பார்க்காமல் ஊர் பார்த்தது எங்கள் தப்பு. ஊருக்குத் திரும்பியதும் அந்தப் பெரியவர் கடைக்கு வந்து, திட்டாமல், "கடல் நல்லா இருந்துச்சு தம்பி, எட்ட இருந்து" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. அதன்பிறகு எங்கள் கடையில் மே முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் கடல்குளியலுக்கென்று புக்கிங் எடுப்பதில்லை.

சரி, அப்படியானால் மே மாதத்தில் எங்கே போவது? தீவின் மறுபக்கத்துக்கு. திருகோணமலை, நிலாவெளி, பாசிக்குடா.

ஒரே சின்னத் தீவில் ஒரு பக்கம் மழை, மறுபக்கம் வெயிலா என்று கேட்கிறீர்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதே இல்லை. ஜூனில் கேரளத்தில் மழை கொட்டும்போது மலைக்கு இந்தப் பக்கம் நமக்கு வெறும் காற்றுதானே வருகிறது? ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோமே, அதேதான். இலங்கையின் நடுவிலும் மலை நிற்கிறது. தென்மேற்கிலிருந்து ஈரத்தோடு வரும் காற்று அதில் மோதி, கொழும்பு, காலிப் பக்கமே மழையை இறக்கிவிடுகிறது. மலை தாண்டிக் கீழே இறங்கும்போது காய்ந்த காற்றாகிவிடுகிறது. கிழக்குக் கரையில் அதற்குக் கச்சான் என்று பெயர். (அங்கே கடையில் போய்க் கச்சான் கேட்டால் வறுத்த வேர்க்கடலையைப் பொட்டலம் கட்டித் தருவார்கள். காற்றுக்கும் கடலைக்கும் ஒரே சொல். முதல் தடவை போனபோது நான் முழித்தேன்.) கிழக்குக் கரைக்கு மழை வருவது நமக்கு வரும்போதுதான், அக்டோபருக்கு மேல் ஜனவரி வரைக்கும். ஆகவே அரையாண்டு லீவுக்கு இலங்கை போகிறவர்கள் பெந்தோட்டையைத் தாராளமாகக் கேட்கலாம், அப்போது நாங்களே எடுத்துத் தருவோம்.

கிழக்கில் எந்த ஊர் என்பது வீட்டில் யார் யார் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு பாசிக்குடா சொல்வேன். மட்டக்களப்புக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டரில், கல்குடாவை ஒட்டி வளைந்து கிடக்கும் குடா அது. வெகுதூரம் உள்ளே நடந்து போனாலும் இடுப்பளவு தண்ணீர்தான். பாட்டிகூடப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிடலாம். ஆனால் கடலைத் தவிர அங்கே அதிகம் ஒன்றும் இல்லை. இரண்டு நாளுக்கு மேல் பெரியவர்களுக்குச் சலித்துவிடும்.

நிலாவெளி அப்படி இல்லை. திருகோணமலை நகரத்திலிருந்து வடக்கே 15 கிலோமீட்டர்தான், அதனால் கடலும் உண்டு, ஊரும் உண்டு. கரைக்கு எதிரே, படகில் கொஞ்ச நேரத்தில் போய்விடும் தூரத்தில், புறாத்தீவு. தேசியப் பூங்கா என்பதால் டிக்கெட் தனி, படகுக் கூலி தனி. தண்ணீருக்குள் முகத்தை விட்டுப் பார்த்தால் பவளப்பாறையும் வண்ண மீன்களும் தெரியும். முதுகுத் துடுப்பின் நுனி கறுத்த சின்னச் சுறாக்களும் சுற்றும். அவை ஆளைக் கண்டால் விலகிப் போகிற வகை, அலறவேண்டாம். காலில் மாட்டிக்கொள்ள ரப்பர் செருப்போ பழைய ஷூவோ கட்டாயம் வேண்டும். அங்கே கரையில் பெரும்பாலும் மணல் இல்லை, உடைந்த பவளத் துண்டுகள்; பாதத்தைக் கிழித்துவிடும். கடலுக்குள் உயிரோடிருக்கும் பவளத்தின் மேல் ஏறி நிற்காதீர்கள், நாம் மிதித்தால் அது செத்துப்போகும். முடிந்தால் காலை முதல் படகில் போய்ப் பத்து மணிக்குள் திரும்பிவிடுங்கள். அதற்குமேல் கூட்டமும் வெயிலும்.

கச்சான் காற்றைப் பற்றி இன்னொன்று சொல்லவேண்டும், இதைப் பெற்றோர் தயவுசெய்து கவனிக்கவும். அந்தக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அதனால்தான் மே, ஜூனில் அங்கே அலை அடங்கிக் கடல் குளம்போலக் கிடக்கிறது. அதே காற்றுதான் காற்றடைத்த டியூபையும், மெத்தையையும், அதில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையையும் சத்தமில்லாமல் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போகும். அலை இல்லை என்று நாம் போனைப் பார்த்துக்கொண்டிருப்போம். டியூபை ஓட்டலிலேயே விட்டுவிடுங்கள். உடம்பில் கட்டுகிற லைஃப் ஜாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகள் அளவுக்கு அங்கே கிடைப்பது நிச்சயமில்லை, இங்கிருந்தே எடுத்துப் போவது நல்லது. பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது பெரியவர் ஒருவராவது அவர்களைவிட ஆழத்தில், கடல் பக்கமாக நிற்கட்டும்.

வெயில் நம் ஊர் வெயிலேதான். குளியல் காலை ஆறு முதல் ஒன்பது வரை, அப்புறம் மாலை நாலரைக்கு மேல். நடுவில் தூங்குங்கள். விடுமுறைக்குத்தானே போகிறோம்? கடலில் சூரியன் இறங்குவதைப் படம் எடுக்கவேண்டும் என்று ஒரு புதுமணத் தம்பதி கேட்டிருந்தார்கள். கிழக்குக் கரையில் அது நடக்காது. சூரியன் எழுவதை எடுக்கலாம், அதற்கு எழுந்திருக்கவேண்டும்.

பெரியவர்களுக்குத் திருகோணமலையே போதும். கோணேசர் கோயில் கடலுக்கு மேலே செங்குத்தாக நிற்கும் பாறையில் இருக்கிறது. சம்பந்தர் பாடிய தலம். பழைய கோயிலைப் போர்த்துகீசியர் 17-ஆம் நூற்றாண்டில் இடித்துக் கோட்டை கட்டினார்கள். இப்போதும் அந்தக் கோட்டை வாசல் வழியாகத்தான் கோயிலுக்குப் போகவேண்டும். உள்ளே புள்ளிமான்கள் நம் ஊர் ஆடுபோலத் திரியும், பிள்ளைகளுக்குக் கோயிலைவிட அதுதான் நினைவில் நிற்கும். உச்சி வெயிலில் போனால் வெறுங்காலில் தரை சுடும், விடிகாலையோ மாலைப் பூசைக்கோ போங்கள். ஊருக்கு வெளியே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்ளலாம். இராவணன் தன் தாய்க்கு இறுதிக்கடன் செய்ய வாளால் குத்திய இடங்கள் என்று சொல்வார்கள்.

இனி வழி. கொழும்பு விமானநிலையத்தில் இறங்கி ஒரே மூச்சில் திருகோணமலை போனால் ஆறு ஏழு மணி நேரம் வேனில் உட்காரவேண்டும். பிள்ளைகளோடு அது வேண்டாம். பாதி வழியில் தம்புள்ளையிலோ ஹபரணையிலோ ஒரு இரவு தங்கிவிட்டால், மறுநாள் இரண்டு மணி நேரம்தான். சிகிரியா பாறைக்கோட்டையும் அங்கேயேதான் இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி என்பதால் இளைஞர்கள் விடியற்காலை ஏறி வரட்டும், மூட்டுவலிக்காரர்கள் கீழே பலகாரம் சாப்பிடட்டும். திருகோணமலையிலிருந்து பாசிக்குடாவுக்குக் கரையோரச் சாலையிலேயே போய்விடலாம். ஆக, வழியில் ஒரு இரவு, நிலாவெளியில் மூன்று, பாசிக்குடாவில் இரண்டு. ஆறு இரவு போதும். ஐந்து நாளில் கண்டி, நுவரெலியா, எல்ல, காலி, கொழும்பு என்று ஐந்து ஊர்களைச் சுற்றிக் காட்டும் திட்டத்தை யாராவது நீட்டினால் எத்தனை தடவை பெட்டி கட்டி அவிழ்க்கவேண்டும் என்று மட்டும் எண்ணிப் பாருங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் போகலாமா என்றும் கேட்கிறார்கள். போகலாம், காங்கேசன்துறை வரைக்கும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். யாழ்ப்பாணம் பார்க்கிறவர்களுக்கு அது நல்ல வழி. நிலாவெளிக்கு அங்கிருந்து மறுபடி நெடுந்தூரம் தரைவழி. கடல் மோசமானால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். லீவு நாளை எண்ணிக்கொண்டு போகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வதில்லை.

சாப்பாட்டில் சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இடியப்பத்துக்கும் ரொட்டிக்கும் வைக்கிற தேங்காய்ச் சம்பலில் மாசிக்கருவாட்டைப் பொடித்துப் போடுவது அங்கே சாதாரணம். பார்த்தால் தெரியாது. "மாசி போடாத சம்பல்" என்று கேட்டு வாங்குங்கள். நகரத்துக்குள் சைவக் கடைகள் இருக்கின்றன, அங்கே இந்தக் கவலை இல்லை. தமிழிலேயே பேசலாம் என்பதால் பாட்டிகளுக்குக் கிழக்குக் கரை மிகவும் பிடித்துப்போகிறது. கடைக்காரர் "என்ன வேணும் அம்மா" என்று கேட்ட அந்த இழுப்பை வந்து பேசிக் காட்டுவார்கள். பௌர்ணமி நாள் அங்கே போயா விடுமுறை, மது விற்கமாட்டார்கள். பௌத்தர்களின் பெரிய பண்டிகையான வெசாக் பெரும்பாலும் மே மாதப் பௌர்ணமியில் வரும். அதை ஒட்டி உள்ளூர்க்காரர்களே விடுமுறைக்குக் கிளம்புவதால் அறை கிடைப்பது கடினம். உங்கள் தேதி அதில் விழுந்தால் ஒரு வாரம் முன்பின் தள்ளச் சொல்வோம்.

விலை விஷயம். எங்கள் தொகை ஆன்லைனில் காட்டுவதைவிடக் கூடுதலாகத் தெரிவதற்குக் காரணம், அதில் வேன், டீசல், டிரைவர் பேட்டா, டிரைவர் தங்கும் செலவு, காலை இரவுச் சாப்பாடு எல்லாம் உள்ளே. புறாத்தீவு டிக்கெட்டும் படகும் சிகிரியா டிக்கெட்டும் வெளியே. அவற்றை அங்கேயே நேரடியாகக் கட்டிவிடலாம், நாங்கள் நடுவில் வரவில்லை. எக்ஸ்ட்ரா பெட் என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் மடக்குக் கட்டில்தான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதில் தூங்கிவிடும், மாமனாரைப் படுக்கவைக்காதீர்கள். தாத்தா பாட்டிக்குத் தரைத்தளத்தில் அறை வேண்டுமென்றால் முன்பணம் கட்டும்போதே சொல்லுங்கள். போய் இறங்கியபின் கேட்டால் கிடைக்காது.

மே மாதத்துக்கு அறைகளை பிப்ரவரி கடைசிக்குள் உறுதி செய்தால் வசதி. கடைக்கு வரும்போது எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் எடுத்து வாருங்கள். பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது காலாவதித் தேதி மிச்சம் இருக்கவேண்டும். முதலில் பிள்ளைகளுடையதைத் திறந்து பாருங்கள். நமக்குப் பத்து வருடம் என்பதால் அவர்களுக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம், அவர்களுக்கு ஐந்து வருடம்தான். விசாவை ஆன்லைனிலேயே நாங்கள் போட்டுத் தருகிறோம், அப்போதைய கட்டணம் எதுவோ அதுமட்டும். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை இல்லை. மற்ற நாளில் இரவு எட்டரை வரை இருப்போம்.

இப்படிக்கு,
உங்கள் பயண ஏற்பாட்டாளர்
சத்திரம் பேருந்து நிலையம் அருகில், திருச்சி