தே ஆறுவதற்குள் விளக்க முடிகிற விதி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இதழில் பலகை விளையாட்டுகள் பற்றி வந்த கட்டுரையின் கடைசிப் பத்தியில், பொம்மைப் படைகளை வைத்து ஆடும் வரலாற்றுப் போர் ஆட்டங்களையும் போகிற போக்கில் தொட்டுவிட்டு, புதிதாகத் தொடங்குபவர்கள் இப்போது அதிகம் பேர் ஆடும் விதிப்புத்தகத்தை வாங்கிக்கொண்டால் போதும் என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். அந்த ஒரு வரிக்காகத்தான் எழுதுகிறேன். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். எட்டே மாதத்தில் ஆறு பேர் நாலு பேராகி, என் மச்சானும் நானும் தீபாவளிக்குக்கூட முகம் கொடுத்துப் பேசாத அளவுக்குப் போய்விட்டது.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சுண்டுவிரல் உயரம்கூட இல்லாத வீரர்களுக்கு வண்ணம் தீட்டி, மேசையில் குன்று, ஆறு, காடு எல்லாம் வைத்து, நடந்த ஒரு போரையோ நடந்திருக்கக்கூடிய ஒன்றையோ ஆடிப் பார்ப்பது. சதுரங்கம் மாதிரி கட்டம் கிடையாது, அளவுநாடா வைத்து நகர்த்த வேண்டும். யார் எவ்வளவு தூரம் போகலாம், யார் யாரை அடிக்கலாம், எப்போது பயந்து ஓடுவார்கள் என்பதையெல்லாம் சொல்வதுதான் விதிப்புத்தகம். அதே பொம்மைகளை வைத்துக்கொண்டு புத்தகத்தை மட்டும் மாற்றினால் முற்றிலும் வேறு ஆட்டம் வந்துவிடும். அதனால் எந்தப் புத்தகம் என்ற கேள்வியிலேயே குழு உடைந்துபோவதும் உண்டு.

நாங்கள் முதலில் வாங்கியது போல்ட் ஆக்‌ஷன். 2012-ல் வந்தது, இரண்டாம் உலகப் போருக்கானது. நல்ல ஆட்டம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பகடை என்று இரண்டு தரப்புப் பகடைகளையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கி, எடுக்கும்போது யார் நிறம் வருகிறதோ அவர் ஒரு பிரிவை இயக்கலாம். யாரும் சும்மா உட்கார்ந்து கொட்டாவி விட வேண்டியதில்லை. வம்பு வந்தது எங்கே என்றால், எங்களில் எல்லாருமே சிங்கப்பூரில் தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பணியில், துப்பாக்கி பிடித்தவர்கள். இந்த ஆட்டத்தில் சாதாரணத் துப்பாக்கி எட்டும் தூரம் 24 அங்குலம். மச்சான் கைப்பேசியை எடுத்துக் கணக்குப் போட்டார். பொம்மைகள் ஏறக்குறைய நிஜத்தில் 56-ல் ஒரு பங்கு, அப்படியென்றால் 24 அங்குலம் வெறும் 34 மீட்டர். "முந்நூறு மீட்டர் டார்கெட்டைச் சுட்டவன் நான், மூணு பஸ் நீளத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிறவனைச் சுட முடியாதா?" என்று கேட்டார். மேசைக்காகச் சுருக்கிய தூரம் அது, முந்நூறு மீட்டர் வேண்டுமென்றால் ஐந்து மீட்டருக்கு மேல் நீளமான மேசை வேண்டும், நம் வீவக அடுக்குமாடி வீட்டு வரவேற்பறை தாங்காது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. அடுத்த வாரமும் அதே பேச்சு, அதற்கடுத்த வாரம் நான் கத்திவிட்டேன். சரி, அது எங்கள் குடும்ப விஷயம்.

இன்னொருவர் ஒன்றுமே சொல்லாமல் வருவதை நிறுத்திவிட்டார். அவர் பங்குக்கு ஜப்பானியப் படை வந்திருந்தது. அவருடைய பாட்டியின் அண்ணன், போரின்போது ஜப்பானியர் கட்டிய சயாம் ரயில் பாதை போடப் போய்த் திரும்பாதவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரமாகத் தமிழர்களை ஏற்றிக்கொண்டு போன கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த நான், ஒரு வார்த்தை விசாரிக்காமல் அந்தப் பொம்மைகளை அவர் கையில் கொடுத்தேனே என்று இன்னும் உறுத்துகிறது. எந்தக் காலத்துப் போர் என்பதை மேசையைச் சுற்றி உட்காரப் போகிறவர்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், புத்தகத்தின் அட்டையைப் பார்த்து அல்ல.

புக்கிட் சண்டுவை ஆடிப் பார்க்கலாம் என்று ஒரு யோசனையும் இருந்தது. 1942 பிப்ரவரி 14-ல் மலாய்ப் படைப்பிரிவு ஜப்பானியரை எதிர்த்து நின்று போரிட்ட குன்று, இப்போது பெப்பிஸ் சாலையில் அரும்பொருளகம் இருக்கிறதே, அங்கே. பிரிட்டிஷ் படையின் பஞ்சாபியர் போலத் தலைப்பாகை கட்டி வந்த ஜப்பானியர்கள், மூன்று மூன்று பேராக நடப்பதற்குப் பதில் நாலு நாலு பேராக நடந்ததால் பிடிபட்டார்கள் என்று சொல்வார்கள். இதை எந்தப் புள்ளிக் கணக்கில் அடக்குவது? பெரும்பாலான விதிப்புத்தகங்கள் ஒவ்வொரு பிரிவுக்கும் விலை மாதிரி ஒரு புள்ளி வைத்து, இரு தரப்புக்கும் சம புள்ளி கொடுத்துப் படை திரட்டச் சொல்கின்றன. போட்டி ஆட்டத்துக்கு அது சரி. ஆனால் நம் ஆடு புலி ஆட்டத்தில் மூன்று புலிக்கு எதிரே பதினைந்து ஆடு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாமலேயே ஆட்டம் எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆளுக்கு ஒரு முறை பக்கம் மாற்றி ஆடினால் முடிந்தது. இந்த ஒரு யோசனை எங்களில் யாருக்கும் எட்டு மாதமாகத் தோன்றவில்லை.

அப்புறம் நேரம். சமூக மன்றத்தில் எங்களுக்குக் கிடைப்பது மூன்று மணி நேரம். மேசை போட்டுப் படையை அடுக்க அரை மணி, எடுத்து வைக்க அரை மணி, நடுவில் கறி பஃப் சாப்பிட்டுவிட்டு எண்ணெய்க் கையோடு பொம்மையைத் தொடாதே என்று திட்டுவதற்குக் கால் மணி. மிச்சம் இரண்டு மணி நேரம்கூட இல்லை. ஹெயில் சீசர் என்று ஒரு விதிப்புத்தகம் உண்டு, 2011-ல் வந்தது, உத்தரவை முதலில் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் பகடை உருட்ட வேண்டும். எங்களில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார், "வலப்புறக் குதிரைப்படை குன்றைச் சுற்றிச் சென்று பகைவரின் முதுகில் இறங்குக!" என்று அவர் கையை நீட்டிச் சொல்வதைக் கேட்கவே கூட்டம் கூடும். ஆனால் அதற்குப் பெரிய மேசை வேண்டும், நூற்றுக்கணக்கில் பொம்மை வேண்டும், எம்ஆர்டியில் எப்படித் தூக்கிக்கொண்டு வருவது? மனசு வராமல்தான் விட்டோம்.

கடைசியில் எங்களைக் காப்பாற்றியது டிபிஏ என்ற பழைய, மெல்லிய புத்தகம். 1990-ல் முதலில் வந்தது, பழங்காலப் போர்களுக்கும் இடைக்காலப் போர்களுக்கும் பொதுவானது. ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டே அணிகள். 15 மில்லிமீட்டர் பொம்மைகளை வைத்தால் ஒரு முழுப் படையும் பிஸ்கட் டின்னுக்குள் அடங்கிவிடும், இரண்டடிச் சதுரப் பலகை போதும், ஒரு மணி நேரத்துக்குள் ஒரு போர் முடிந்துவிடும். தோற்றவர் உடனே இன்னொன்று கேட்கலாம். தமிழர், சிங்களர் படைகளுக்கென்று தனிப் பட்டியலே அதில் உண்டு. ஒரே குறை அதன் ஆங்கிலம், ஒரு வாக்கியத்தை மூன்று தடவை படித்தால்தான் பிடிபடும். எங்கள் தமிழாசிரியர் அதைப் பார்த்து எரிச்சலாகி, பள்ளிக்கூட நோட்டில் பதினாறு பக்கத்தில் தமிழில் எழுதிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த நோட்டுதான் எனக்கு வழி காட்டியது. தமிழில் எழுதும்போதுதான் எது விதி, எது வெறும் வளவளப்பு என்று தெரிகிறது. இப்போது எங்கள் அளவுகோல் இதுதான்: புதிதாக ஒருவர் வந்தால் அவர் கையில் ஒரு தே, அதாவது பால் தேநீர், கொடுப்போம், அது ஆறுவதற்குள் தமிழில் விளக்க முடிகிற விதியாக இருந்தால் குழுவுக்கு ஆகும். விளக்க முடியவில்லையென்றால் எவ்வளவு புகழ்பெற்ற புத்தகமாக இருந்தாலும் அதை ஆர்வம் உள்ள இரண்டு பேர் வீட்டில் வைத்து ஆடிக்கொள்ளட்டும். குழுவில் ஒரு பையன் தேசிய சேவையில் இருக்கிறான், முகாமிலிருந்து புக் அவுட் கிடைத்த சனிக்கிழமைதான் வருவான், மூன்று வாரம் கழித்துத் தூக்கக் கலக்கத்தோடு வந்து உட்காருகிறவனுக்கு விதி ஞாபகம் இருக்க வேண்டுமே!

டிபிஏயில் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பகடையை உருட்ட வேண்டும். என்ன எண் விழுகிறதோ அத்தனை உத்தரவுதான் கொடுக்கலாம். ஆறு விழுந்தால் ராஜா மாதிரி, ஒன்று விழுந்தால் படையே கண்ணெதிரில் மரம் மாதிரி நிற்கும். மன்றத்தில் அறை கிடைக்காத ஒரு வாரம் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆடினோம். மச்சான் உருட்டியது ஒன்று. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார், பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மா "தாயம்! தாயம் விழுந்திருச்சு மாப்பிள்ளை, காயை இறக்குங்க!" என்று கை தட்டினார். மச்சான் சிரித்தார். மாதக்கணக்கில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றைக்குத்தான். இப்போது யாருக்கு ஒன்று விழுந்தாலும் எல்லாரும் தாயம் என்று கத்துகிறோம்.

சண்டை முழுக்க ஓய்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். டிபிஏயில் தளபதியின் அணி விழுந்தால் பெரும்பாலும் ஆட்டம் அதோடு முடிகிறது. தக்கோலப் போருக்கு இது அப்படியே பொருந்துகிறது: 949-ல் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே இறந்தான், சோழர் படை தோற்றது. ஆனால் 1054-ல் கொப்பம் போரில் சோழ மன்னன் ராஜாதிராஜன் அதேபோல யானைமேல் விழுந்தபோது, தம்பி இரண்டாம் ராஜேந்திரன் களத்திலேயே முடிசூடிக்கொண்டு படையைத் திருப்பி வென்றானே! புத்தகத்தின்படி ஆடினால் கொப்பத்தில் சோழன் தோற்க வேண்டும். இதை வைத்து ஒரு மாலை முழுக்க வாதாடினோம், ஒரு பொம்மைகூட நகரவில்லை. கடைசியில் நாங்களே ஒரு விதி சேர்த்தோம்: தளபதி விழுந்ததும் ஒரு பகடை, ஆறு விழுந்தால் தம்பி பொறுப்பேற்கிறான், ஆட்டம் தொடரும். இது தப்பு, சொந்த விதி சேர்க்க ஆரம்பித்தால் முடிவே இருக்காது என்று மச்சான் இன்னும் சொல்கிறார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனாலும் அந்த ஒன்றை மட்டும் விட எனக்கு மனசில்லை.

இரண்டாவதாக லயன் ராம்பன்ட் வைத்திருக்கிறோம், 2014-ல் வந்தது. ஐரோப்பிய இடைக்காலத்துக்கு எழுதியது என்றாலும் சின்னச் சண்டைகளுக்கு அருமை, 24 புள்ளிக்குள் ஒரு கூட்டத்தைத் திரட்டிவிடலாம். உத்தரவு கொடுக்க இரண்டு பகடை உருட்ட வேண்டும், தவறினால் உடனே எதிராளியின் முறை. முதல் உத்தரவே தவறினால் கை கட்டி வேடிக்கை பார்க்க வேண்டியதுதான், அது சிலருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தமிழாசிரியர் யோசனைப்படி விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் மாடுகளை நடுவில் விட்டு, ஒருவர் வெட்சி சூடி ஓட்டிக்கொண்டு போக, மற்றவர் கரந்தை சூடி மீட்க வர, அதைப் போல் சிரித்து ஆடிய ஆட்டம் வேறில்லை. வராமல் நின்ற நண்பரும் அன்று வந்தார். மாடு ஓட்டியவர் அவர்தான்.

ஆகவே கட்டுரையாளருக்குச் சொல்ல விரும்புவது: முதலில் புத்தகம் வாங்கச் சொல்லாதீர்கள். வைத்திருப்பவரிடம் இரவல் வாங்கி, காகிதத்தை வெட்டிப் படை என்று எழுதி வைத்து, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை ஆடிப் பார்க்கட்டும். முதல் ஆட்டத்தில் விதிதான் கண்ணுக்குத் தெரியும், இரண்டாவதில்தான் போர் தெரியும். பொம்மை அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியாக வாசகர்களிடம் ஓர் உதவி. முன்படைக்குத் தூசி, பின்படைக்குக் கூழை என்று பழைய சொற்களே கிடைத்துவிட்டன, பக்கவாட்டுக்கு விலா என்று வைத்துக்கொண்டோம், பின்தள்ளப்படுவதற்குப் பின்னடி. ஒன்றுக்கு மட்டும் சொல் சிக்கவில்லை. நம் வரிசை எதிரியின் வரிசையைவிட நீண்டிருந்தால், ஓரத்தில் சும்மா நிற்கும் நம் அணி எதிரியின் கடைசி அணியைப் பக்கத்திலிருந்து நெருக்கும், அதனால் அவருக்கு ஒரு புள்ளி குறையும். தமிழாசிரியர் இதற்கு ஓரநெருக்கு என்கிறார், தேசிய சேவைப் பையன் சைடு இடி என்கிறான், இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறோம். நல்ல சொல் தெரிந்தவர்கள் இந்தப் பகுதிக்கே எழுதினால் நோட்டில் ஏற்றிவிடுவோம்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர் ஒருவர்