தலைக்குந்தாவில் உறைபனி விழுவதற்குள்

அன்புள்ள செல்விக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகமா? கோழிக்கூட்டைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி, ஓட்டை ஒன்று விடாமல் அடைக்கப் போவதாக நேற்று போனில் சொன்னாய். வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் சிக்னல் போய்விட்டது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ காலேஜில் இருந்த வருஷம் நானும் அப்படித்தான் அடைத்தேன். இங்கே கோத்தகிரியில், ஊட்டிப் பக்கம் உங்கள் தலைக்குந்தா அளவுக்குக் குளிர்கூட இல்லை. நாலாம் நாள் காலையில் கதவைத் திறந்ததும் எச்ச நெடி கண்ணைக் கரித்தது. கூரைத் தகரத்தின் அடியில் நீர் முத்து முத்தாகத் தொங்கி, கோழிகளின் முதுகில் சொட்டிக்கொண்டிருந்தது. சிவப்புச் சேவலுக்குக் கொண்டை நுனி கருத்துவிட்டது. அந்த வாரமே இரண்டு பெட்டைகள் மூச்சு கரகரவென்று இழுத்துச் செத்தன. குளிர்தான் கொன்றது என்று எல்லாரிடமும் சொன்னேன். இல்லை கண்ணு, ஈரம்தான் கொன்றது. ராத்திரி முழுக்க அவை விடும் மூச்சின் ஈரமும் எச்சத்தின் ஈரமும் வெளியே போக நான் வழி வைக்கவில்லை.

கோழியின் உடம்புச் சூடு 41 டிகிரி, நம்முடையதைவிட அதிகம். இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்தால் அந்தச் சூட்டை அதுவே காத்துக்கொள்ளும். இறகு நனையக் கூடாது, காற்று நேராக அடிக்கக் கூடாது. அவ்வளவுதான்.

ஆகவே தார்ப்பாயைக் காற்று வரும் பக்கம் மட்டும், கோழி அடையும் உயரம் வரை கட்டு. கூரைக்குக் கீழே, அவற்றின் தலைக்கு மேலே, இரண்டு பக்கமும் ஒரு சாண் திறந்தே இருக்கட்டும். அதில் கம்பி வலை அடித்துவிடு, மரநாய் புகுந்துவிடும். கோழி ராத்திரி உட்கார்ந்து அடைய மூங்கில் வேண்டாம். நாலு விரல் அகலமுள்ள தட்டையான கட்டை போடு. பாதத்தை விரித்து உட்கார்ந்தால் வயிற்று இறகு விரல்களை மூடிக்கொள்ளும். தரையில் தச்சுப் பட்டறை இழைப்புச் சுருளை அரை அடிக்குப் பரப்பி, அடிக்கடி கிளறிவிடு. நனைந்த இடத்தை அன்றன்றே அள்ளிவிடு.

கரி அடுப்பை மட்டும் கூட்டுக்குள் வைத்துவிடாதே. மூடின அறையில் கரி மூட்டிப் படுத்து உயிர் விட்டவர்களைப் பற்றி நம் மலையில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! குண்டு பல்பும் வேண்டாம், சுருளில் தீப்பிடிக்கும். குஞ்சுக்குத்தான் வெளிச்சூடு வேண்டும், அதனால் தை கழியும் வரை அடை வைக்காதே.

வானம் மேகமில்லாமல் பளிச்சென்று இருந்தால் அன்று ராத்திரி உறைபனி விழும். அன்று சாயங்காலம் ஒரு கை மக்காச்சோளம் கூடுதலாகப் போடு. காலையில் தண்ணீர் மேல் ஐஸ் படிந்திருக்கும். கொட்டிவிட்டு வெதுவெதுப்பாக வை. முட்டை குறைந்தால் பயப்படாதே. மார்கழியில் பகல் பதினொன்றரை மணி நேரம்தான், நன்றாக முட்டையிட 14 மணி நேரமாவது வெளிச்சம் வேண்டும்.

அப்பா சனிக்கிழமை ஊட்டி வருகிறார். வலை ஒரு கட்டும் இழைப்புச் சுருள் இரண்டு மூட்டையும் கொடுத்துவிடுகிறேன். அதுவரை அந்தத் தார்ப்பாயைக் கட்டாதே.

அன்புடன்,
அம்மா