தொடக்கம் வினைக்குள்ளேயே இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வினைச்சொற்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, ஒரு செயலின் தொடக்கத்தைக் குறிக்கத் தமிழில் ‘தொடங்கு’, ‘ஆரம்பி’ ஆகிய இரண்டு துணைவினைகளே உள்ளன என்னும் எண்ணத்தைத் தருகிறது. இதை என்னால் ஏற்க இயலவில்லை.

‘உட்கார்ந்தார்’ என்றால் அந்த நிலைக்கு வந்த கணத்தையே சொல்கிறோம். அந்நிலை நீடித்ததைச் சொல்ல ‘உட்கார்ந்திருந்தார்’ என ‘இரு’ வேண்டியிருக்கிறது. ‘முகம் சிவந்தது’, ‘முகம் சிவந்திருந்தது’ என்பவற்றுக்கும் இதே வேறுபாடுதான். ஆகவே தொடக்கம் இவ்வினைகளின் பொருளிலேயே அடங்கியுள்ளது. தனியே அடையாளம் கேட்பது நீடிப்புதான். இதனால்தான் ஒருவரைப் பற்றி ‘உட்காரத் தொடங்கினார்’ என்பது செவிக்கு உறுத்துகிறது. ‘மக்கள் உட்காரத் தொடங்கினர்’ என்பதோ உறுத்துவதில்லை, ஏனெனில் அங்கே ஒருவர்பின் ஒருவராக அமர்வது ஒரு தொடர்நிகழ்ச்சியாகிவிடுகிறது. ‘கண்ணாடி அணியத் தொடங்கினார்’ என்னும்போது தொடங்குவது ஒரு செயலன்று, வழக்கம்.

இன்னும் நுட்பமானது ‘விடு’. நிறைவைக் காட்டும் துணைவினை என்றே இலக்கண நூல்கள் இதைப் பெரும்பாலும் சொல்லும். ஆனால் ‘குழந்தை தூங்கிவிட்டது’ என்று மெல்லிய குரலில் சொல்பவர், தூக்கம் முடிந்தது என்றா சொல்கிறார்? தூக்கத்துக்குள் நுழைவது நிறைவுற்றது, உறக்கமோ இப்போதுதான் நடக்கிறது. ‘சாப்பிட்டுவிட்டது’ என்றால் உண்பதே முடிந்துவிட்டது. ஒரே துணைவினை, தான் சேரும் வினையின் இயல்புக்கேற்ப ஓரிடத்தில் தொடக்கத்தையும் மற்றோரிடத்தில் முடிவையும் காட்டுவதைக் கட்டுரையாளர் ஒரு வரியிலேனும் தொட்டிருக்க வேண்டும்.

பெயரோடு சேர்ந்து தொடக்கத்தைக் காட்டும் வினைகளும் உண்டு: பசி எடுத்தது, காய்ச்சல் கண்டது, மழை பிடித்துக்கொண்டது. அழத் தொடங்கினாள், பேசத் தொடங்கினார் என்னும் பொருள் தரும் ‘அழலானாள்’, ‘பேசலானார்’ போன்ற வடிவங்கள் எழுத்துநடைக்கே உரியவையாக ஒதுங்கிவிட்டன. அவையும் இறந்தகாலத்தில்தான் வழங்குகின்றன, ‘அழலாகிறாள்’ என எவரும் எழுதுவதில்லை. எக்காலத்துக்கும் இசைவது ‘தொடங்கு’வின் பெரிய வசதி என்பதை நான் மறுக்கவில்லை. அந்த வசதியால்தானோ என்னவோ, செய்தி நடையில் ‘கோபமடையத் தொடங்கினார்’ போன்ற தொடர்கள் பெருகிவிட்டன. ‘அடை’ என்பதே ஒரு நிலைக்குள் புகுவதைக் குறிக்கையில், படிப்படியாக மூண்ட கோபத்தைச் சொல்லும் நோக்கம் இல்லாதபோது, ‘கோபமடைந்தார்’ என்று எழுதினாலே போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்