மேஜருக்கு நாலு தடவை, அவளுக்கு ஒரு தடவைகூட இல்ல

போர் நையாண்டி எழுதுற அண்ணன்மாருக்கும் (அக்காக்களும் இருக்கீங்க, தெரியும்), அதை எடிட் பண்ணி புக்கா போடுறவங்களுக்கும் வணக்கம்.

முதல்லயே சொல்லிடறேன், நான் உங்க எதிரி இல்ல. ஜெனரல் கிறுக்குத்தனமா ஒரு ஆர்டர் போடுறதும், கீழ இருக்கவன் அதை இன்னும் கிறுக்குத்தனமா நிறைவேத்துறதும் படிக்கக் கிடைச்சா எனக்கு சோறு தண்ணி வேணாம்.

ஜோசப் ஹெல்லரோட கேட்ச்-22, ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்க விமானப்படை அடிக்கிற கூத்தைச் சொல்ற நாவல், 1961ல வந்தது, எத்தனை தடவை படிச்சிருப்பேன்னு கணக்கே இல்ல. போன மாசம் திரும்ப எடுத்தப்பதான் ஒண்ணு உறுத்துச்சு. அதுல ஒருத்தனுக்கு முதல் பேரு மேஜர், நடுப்பேரு மேஜர், குடும்பப் பேரு மேஜர், பதவியும் மேஜர். கதாநாயகன் யோசாரியனோட டென்ட்ல ஒருத்தனோட சாமான் மட்டும் கிடக்கும், ஆளு வந்து சேர்றதுக்குள்ளயே செத்துட்டான், அவனுக்குக்கூட மட்னு ஒரு பேரு இருக்கு. ஆனா யோசாரியனோட கூட்டாளி நேட்லி உருகி உருகி காதலிக்கிற ரோம் பொண்ணு, யோசாரியனை கொல்றதுக்கு கத்தியோட கடைசி வரைக்கும் துரத்துறவ, அவ வெறும் 'நேட்லியோட வேசி' மட்டும்தான். ஷைஸ்காப்ங்கிற ஆபீசரோட பொண்டாட்டிக்கும் அதே கதி, பேரு கிடையாது.

ராணுவம் பொம்பளைங்கள எப்படி பாக்குதுன்னு காட்டத்தான் ஹெல்லர் அப்படி எழுதினாருன்னு சொல்லுவீங்க. சரி, இருக்கட்டும். ஆனா அதே படையில இருக்க ஆர்ஃபி ஒரு வேலைக்காரப் பொண்ணை நாசம் பண்ணி ஜன்னல் வழியா தூக்கிப் போட்டுட்டு சாவகாசமா நிக்கிறான், ராணுவ போலீஸ் தடதடன்னு மாடி ஏறி வந்து பாஸ் இல்லாம ஊர் சுத்துனதுக்காக யோசாரியனை அரெஸ்ட் பண்ணிட்டுப் போகுதே, அந்த இடத்துல சிரிப்பு தொண்டையிலயே நின்னுடுது. அந்தப் பொண்ணுக்கு பேரு இருக்கு, மைக்கேலா. அங்க ஊசி குத்த வேண்டிய இடத்துல குத்துது.

உங்கள்ல நிறைய பேரு அந்த ஊசியை விட்டுட்டு மத்ததை மட்டும் எடுத்துக்கிட்டீங்க. வளைவு நெளிவோட ஒரு நர்ஸ், ஊர்ல கண்ணீரோட ஒரு பொண்டாட்டி, விடுதியில ஒருத்தி, அப்புறம் சிடுசிடுன்னு ஒரு பெண் ஆபீசர், அவ ஏன் சிடுசிடுங்கிறான்னா ஆம்பளை இல்லாத ஏக்கமாம். ஜெனரல் முட்டாள்னா அதுக்கு பதவி, பயம், பேராசைன்னு பத்து காரணம் யோசிக்கிறீங்க, இவளுக்கு மட்டும் உடம்பு ஒண்ணே காரணமா?

மாஷ் படத்தை எடுத்துக்கங்க, 1970, கொரியப் போர்ல ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில நடக்குற கதை. தலைமை நர்ஸ் ஹூலிஹான் குளிச்சிட்டு இருக்கா, டென்ட் துணியை சர்ருன்னு தூக்குறாங்க, எதிர்ல சேர் போட்டு ஒரு கூட்டமே உக்காந்து பாக்குது, எல்லாம் ஒரு பந்தயத்துக்காக. போருக்கு எதிரான படம்தான், ஆனா அந்த சீன்ல போர் எங்க இருக்கு? அதே பாத்திரம் டிவி சீரியல்ல 1972ல இருந்து 1983 வரைக்கும் வந்தா, போகப் போக ஆளே மாறிட்டா. ஒரு எபிசோட்ல தனக்குக் கீழ இருக்க நர்ஸுங்க முன்னாடி உடைஞ்சு போய், ஒரு கப் காபி குடிக்க வான்னு நீங்க யாராவது என்னைக் கூப்பிட்டிருக்கீங்களான்னு கேப்பா. அந்த சிடுசிடுப்புக்கு அப்பதான் ஒரு காரணம் கிடைச்சுது. அதுக்காக சீரியல்ல காமெடி ஒண்ணும் செத்துடல.

நிஜத்துல நடந்த ஒண்ணு சொல்றேன். சோவியத் ஸ்னைப்பர் (மறைஞ்சிருந்து குறி பாத்து சுடுறவங்க) லியுத்மிலா பாவ்லிசென்கோ, ரெண்டாம் உலகப் போர்ல அவங்க சுட்டுக் கொன்ன கணக்கு 309 பேரு. 1942ல அமெரிக்கா போனப்ப பத்திரிகைக்காரங்க கேட்ட கேள்வி என்ன தெரியுமா, போர்முனையில மேக்கப் போட்டுக்க விடுவாங்களா, யூனிஃபார்ம் பாவாடை ஏன் இவ்ளோ நீளம், குண்டா காட்டுதேன்னு. ஒரு வரி கற்பனை தேவையில்ல, நையாண்டி ரெடியா கிடக்கு. இதுல கோமாளி யாருன்னு பாருங்க, அவங்க இல்ல.

பெண்ணை தெய்வமாக்குங்கன்னு நான் கேக்கல, சத்தியமா வேணாம், அது இன்னொரு அறுவை. அவளும் ஃபைலை தொலைக்கட்டும், மருந்து ஸ்டாக்ல கை வைக்கட்டும், மெடலுக்காக பொய் சொல்லட்டும், தப்பான ஆர்டர் போட்டு ஒரு படையையே சேத்துல இறக்கட்டும். டென்ட் துணியைத் தூக்குற சீன் அடுத்த தடவை உங்க பேனாவுக்கு வந்துச்சுன்னா கேமராவை அப்படியே திருப்பி, அன்னைக்கு ராத்திரி நர்ஸுங்க டென்ட்ல அந்த சேர் போட்டு உக்காந்தவங்களைப் பத்தி என்ன பேசி சிரிச்சாங்கன்னு எழுதுங்க, முதல் காப்பி நான் வாங்கிக்கறேன்.

இப்படிக்கு,
உங்க வாசகி