எட்டு வயதில் ஐந்து பாகம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்றாம் வகுப்புப் படிக்கும் தம் மகள் படக்கதைகளையெல்லாம் ஒரே மூச்சில் முடித்துவிடுவதாகவும், அவளுக்கு இனி அத்தியாயம் அத்தியாயமாக நீளும் புத்தகங்களில் எதை வாங்கித் தரலாம் என்றும் சென்ற இதழில் ஒரு தாய் கேட்டிருந்தார். ‘பொன்னியின் செல்வனைக் கையில் கொடுத்துவிடுங்கள், ஓராண்டுக்குக் கவலையில்லை’ என்பது அதற்கு அளிக்கப்பட்ட பதில். இருபத்தெட்டு ஆண்டுகள் கிளை நூலகங்களில் புத்தகம் எடுத்துக் கொடுத்தவன் என்ற முறையிலும், அதே வயதில் அதே வேகத்தில் படிக்கும் பேத்தி ஒருத்தியின் தாத்தா என்ற முறையிலும், அந்தப் பதிலை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை.

கல்கியின் மேல் எனக்குக் குறை ஒன்றுமில்லை. ஆடித் திருநாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையேறி வரும் வந்தியத்தேவனை எட்டு வயதுப் பிள்ளைக்கும் பிடிக்கும். ஆழ்வார்க்கடியானின் சண்டையைக் கேட்டு அது சிரிக்கவும் செய்யும். ஆனால் 1950 அக்டோபரில் தொடங்கிய அந்தத் தொடர் முடிந்தது 1954இல். தொடக்கத்தில் எட்டு வயதாக இருந்த பிள்ளை, ஆதித்த கரிகாலன் கொலையுண்டு கதை முடிகிற வேளையில் பதினொன்றைத் தாண்டியிருக்கும். இடைப்பட்ட வாரங்களில், புரியாததை வீட்டிலிருந்த பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ள அதற்கு நேரமும் இருந்திருக்கும். இன்று ஐந்து பாகங்களும் ஒரே அட்டைப் பெட்டியில் வந்து இறங்குகின்றன. என் பேத்தி இரண்டாம் பாகம் வரை வேகமாகப் போய், மூன்றாவதான ‘கொலை வாள்’ பாகத்தின் நடுவில் நிறுத்திவிட்டு, “நந்தினி நல்லவளா, கெட்டவளா, தாத்தா?” என்று கேட்டாள். நாற்பது வயதில் படித்தபோதும் எனக்கு விடை தெரியாத கேள்வி அது. ‘இப்போதைக்கு மூடி வை, உன்னோடு அதுவும் காத்திருக்கும்’ என்றேன். அவளுக்குக் கோபம்தான்.

ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். ஹாரி பாட்டரின் ஏழு பாகங்களும் 1997 முதல் 2007 வரை பத்தாண்டுகளில் வெளிவந்தவை. நாயகனும் பதினொரு வயதில் தொடங்கிப் பதினேழில் முடிக்கிறான். முதல் பாகத்தின் விளையாட்டுத்தனம் நான்காம் பாகத்தின் முடிவில், ஒரு மாணவன் கொல்லப்படும் இடத்தில், முற்றிலும் விலகிவிடுகிறது. வாசகரும் கூடவே வளர்வார்கள் என்ற நம்பிக்கையில் அமைந்த அந்த வரிசையை, வேகமாகப் படிக்கும் பிள்ளை ஒரே கோடை விடுமுறையில் முடித்துவிடுகிறது. வளர்வதற்கான இடைவெளி அதற்குக் கிடைப்பதில்லை.

பிள்ளைக்குப் புத்தகம் கடினமா என்று பார்க்க ஒரு பழைய வழி உண்டு: ஏதேனும் ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லி, தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கச் சொல்வது; ஐந்து விரலும் மடங்கினால் புத்தகத்தைத் திரும்ப வைத்துவிட வேண்டும். நம் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கமும் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் புத்தகங்களைப் பிரித்திருக்கிறது. எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளைக்கு இவை இரண்டுமே நல்ல துணை. பேச்சில் ‘வந்துட்டான்’ என்று சொல்லிவிட்டு ஏட்டில் ‘வந்துவிட்டான்’ என்று படிக்க வேண்டிய நம் மொழியில், அந்த வாய்க்காலைத் தாண்டுவதே பல பிள்ளைகளுக்குப் பெரிய வேலை. ஆனால் ஏற்கெனவே தாண்டிவிட்ட பிள்ளைக்கு எந்தப் பக்கத்திலும் விரல் மடங்குவதில்லை. கண்ணும் நாக்கும் எவ்வளவு தூரம் வந்திருக்கின்றன என்பதை இந்தச் சோதனைகள் சொல்லும். கதையில் நடப்பதை அந்தப் பிள்ளையின் மனம் தாங்குமா என்பதைச் சொல்லமாட்டா.

இதை நான் தெரிந்துகொண்டது என் சொந்தத் தவறால். இரா. நடராசனின் ‘ஆயிஷா’ மெலிந்த புத்தகம், எளிய நடை, நாயகி ஒரு பள்ளி மாணவி. இந்த மூன்றையும் மட்டும் மனத்தில் கொண்டு ஒரு மாலைப் பொழுதில் அதைப் பேத்தியின் கையில் கொடுத்தேன். ஆசிரியர்களுக்கென்றே எழுதப்பட்டதோ என்று நினைக்கத்தக்க கதை அது. கேள்வி கேட்பதற்காக அடி வாங்கும் ஒரு பெண், அடி வலிக்காதிருக்கத் தன் உடம்பிலேயே மருந்தைச் சோதித்து இறந்துபோகிறாள். அரை மணி நேரத்தில் படித்து முடித்தவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அழுதபோதுதான் என் மருமகளுக்கு விஷயம் தெரிந்தது. “படிச்சுப் பார்த்துட்டுக் குடுத்திருக்கலாமே மாமா” என்று அவள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் அதைப் படித்தவன்தான், அதுவும் இரண்டு முறை. ஆனால் எட்டு வயதுக் கண்ணால் ஒருமுறையும் படிக்கவில்லை.

அதற்காகத் துன்பம் உள்ள புத்தகங்களையெல்லாம் பூட்டி வைக்கச் சொல்பவனும் அல்லன் நான். யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைப் பற்றிய சிறார் நாவல். சாகித்ய அகாடமி சிறார் இலக்கியத்துக்கு வழங்கும் பால சாகித்ய புரஸ்கார் விருதை 2020இல் பெற்றது. அதைப் பேத்திக்குக் கொடுக்கத்தான் வேண்டும் என்று வீட்டில் முடிவு செய்தோம். அவளுடைய அம்மா பக்கத்தில் அமர்ந்து, இருவருமாக நான்கு நாளில் படித்தார்கள். ஜப்பானியச் சிறுமி ஒருத்தியின் பள்ளி நாட்களைச் சொல்லும், நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் வெளியிட்டிருக்கும் ‘டோட்டோ-சான்’ புத்தகத்தை நான் இரவுக்கு இரண்டு அத்தியாயமாக வாசித்துக் காட்டினேன். ரயில் பெட்டிகளில் நடக்கும் வகுப்புகளைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவள், அந்தச் சிறுமியின் வகுப்புத் தோழனான, போலியோவால் கால் சூம்பிய யாசுவாகி இறந்த இரவில் வெகுநேரம் தூங்கவில்லை. அவன் டோட்டோ-சானுக்கு ஒரு புத்தகம் இரவல் கொடுத்திருந்தான். “அதை இனிமே யார்கிட்ட திருப்பிக் குடுப்பா?” என்று கேட்டாள். இரவல் புத்தகங்களைக் கணக்கு வைத்தே வாழ்ந்த எனக்கு அது தோன்றவேயில்லை. தனியாகப் படித்திருந்தால் அந்தக் கேள்வி அவளுக்குள்ளேயே கிடந்திருக்கும்.

வேகமாகப் படிக்கும் பிள்ளைக்கு மேலும் மேலும் தடித்த புத்தகம்தான் தீனி என்பதும் எனக்கு ஒப்புதலில்லை. பெ. தூரன் எழுதிய ‘கொல்லிமலைக் குள்ளன்’ போன்ற சாகசக் கதைகள் இன்றும் பிள்ளைகளை இழுக்கின்றன. அவர் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து கொண்டுவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளும் இணையத்தில் கிடைக்கின்றன. செய்திகள் பழையனவாகியிருக்கலாம்; ஆனாலும் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தாவித் தாவிப் படிக்கிற பசிக்கு அதைப்போல் வேறொன்றை நான் கண்டதில்லை. கீழடியைக் களமாகக் கொண்ட உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ 2023இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. அதைப் படித்த பிறகு பேத்தி எங்களைக் கீழடிக்கே அழைத்துப் போகச் செய்தாள். மாதந்தோறும் வரும் ‘துளிர்’ அறிவியல் இதழும் வீட்டில் உண்டு. இவற்றுக்கு நடுவே, நான்கு வயதில் படித்த யானைப் படப்புத்தகத்தை அவள் மறுபடியும் எடுத்துப் புரட்டினால், “இதெல்லாம் பாப்பா புத்தகம்” என்று பறிக்கும் பழக்கத்தை என் மகனிடமிருந்து ஒழிக்கத்தான் பெரும்பாடு பட்டேன்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். சிறார் நூல்களுக்குத் தாங்கள் வெளியிடும் மதிப்புரைகளில் விலை, பக்கம், ‘8 வயது முதல்’ என்ற குறிப்பு ஆகியவற்றோடு, கதையில் மரணம், போர், வன்முறை, பாலியல் சீண்டல் போன்றவை வருமானால் அதையும் ஒரு வரியில் தெரிவிக்கலாம். எந்தப் புத்தகத்தையும் தள்ளி வைப்பதற்காக இதைக் கேட்கவில்லை. பிள்ளை அதைத் திறக்கும் மாலையில் வீட்டில் யாராவது ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். கேள்வி கேட்ட அந்தத் தாயின் மகள் இப்போது எந்தப் பாகத்தில் இருக்கிறாள் என்பதையும், அவர் எழுதினால், வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிளை நூலகர் ஒருவர்,
பாளையங்கோட்டை.