சோதிப்பதற்கு முன் கற்பிக்க நேரம் கொடுங்கள்: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்ட, மதிப்பீட்டுக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். வாசிப்புத் திறன் அளவீடு குறித்து நீங்கள் அண்மையில் அனுப்பிய சுற்றறிக்கை எங்களுக்குக் கிடைத்தது. தொடக்க வகுப்புகளில் ஒவ்வொரு குழந்தையும் ஒரு நிமிடத்தில் எத்தனை சொற்களைப் பிழையின்றி வாசிக்கிறது என்று மாதந்தோறும் கடிகாரம் வைத்து அளந்து, அந்த எண்ணைச் செயலியில் பதிவேற்ற வேண்டும். பிறகு அதே பத்தியிலிருந்து ஐந்து கேள்விகளைக் கேட்டு, மூன்றுக்குச் சரியான விடை வந்தால் ‘புரிந்து வாசிக்கிறார்’ என்ற கட்டத்தில் குறியிட வேண்டும் என்பது உத்தரவு. இதற்கு முன் வந்த சுற்றறிக்கைகளின் கதை உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும் என்பதால் அதற்குள் நான் போகவில்லை. முதல் அளவீட்டின்போது என் வகுப்பில் நடந்ததை மட்டும் உங்கள் பார்வைக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

நீங்கள் அனுப்பிய பத்தி சிறியதுதான். அக்கா கொடியில் கிடந்த துணிகளை வாரி எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடுகிறாள். தம்பி சன்னல்களைச் சாத்துகிறான். வெளியே மறந்து வைத்த வாளி மெல்ல நிரம்பத் தொடங்குகிறது. வகுப்பிலேயே வேகமாக வாசிக்கும் சிறுமி அதைத் தடங்கல் இல்லாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற இறக்கத்தோடு வாசித்து முடித்தாள். ஐந்து கேள்விகளுக்கும் சரியான விடை சொன்னாள். அக்கா எதை எடுத்துக்கொண்டு ஓடினாள்? துணிகளை. சன்னல்களைச் சாத்தியவர் யார்? தம்பி. எது நிரம்பத் தொடங்கியது? வாளி. செயலி பச்சை நிறம் காட்டியது. படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியை அதன் பிறகு நான் கேட்டேன்: “அக்கா ஏன் ஓடினாள்?” “துணியை எடுத்துக்கிட்டு ஓடினாங்க டீச்சர்.” “சரி, வாளி எப்படி நிரம்பியது?” அவள் பத்தியின் மேல் விரலை வைத்து, மேலிருந்து கீழ்வரை மறுபடி ஒருமுறை தேடினாள். “அது போடலையே டீச்சர்.” மழை பெய்தது என்று நான் சொன்னதும், ஏமாற்றப்பட்டவள்போல என்னைப் பார்த்தாள். “மழைன்னு இதுல எங்கயுமே இல்லையே!”

அந்தக் குழந்தைக்கு மழை தெரியாதா, நனைந்த துணி தெரியாதா? வீட்டில் அதே வேலையை அவளே எத்தனையோ முறை ஓடிப்போய்ச் செய்திருப்பாள். தனக்குத் தெரிந்ததைப் படிப்பதோடு சேர்த்துக்கொள்ளலாம், சேர்த்துக்கொண்டால்தான் அது படிப்பு என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. விடை தாளுக்குள் எங்கோ அச்சாகிக் கிடக்கும், அதைக் கண்டெடுத்து அப்படியே எழுதினால் மதிப்பெண் கிடைக்கும் என்பதை ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டிருக்கும் வினாத்தாள்கள் அவளுக்கு நன்றாகவே பழக்கியிருக்கின்றன.

இந்தக் கேள்விகள் உண்மையில் எதை அளக்கின்றன என்பதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ‘சேமுறன் தன் பொலுகையைக் கிராவியில் வைத்து ஞெழுப்பினான். பொலுகை முண்டியதால் அவன் தவிலாடினான்.’ பொலுகையை ஞெழுப்பியவர் யார்? அதை எங்கே வைத்து ஞெழுப்பினான்? அவன் தவிலாடியதற்குக் காரணம் என்ன? மூன்றுக்கும் நீங்கள் சரியாகவே விடை சொல்லியிருப்பீர்கள், காரணம் கேட்ட கேள்வி உட்பட. செயலியின் கணக்குப்படி நீங்கள் ‘புரிந்து வாசிப்பவர்’, வாழ்த்துகள். பொலுகை என்றால் என்ன என்று மட்டும் என்னிடம் கேட்டுவிடாதீர்கள், எனக்கும் தெரியாது. வேற்றுமை உருபும் வினைமுற்றும் கைகொடுத்தால் போதும், பொருளைத் தொடாமலேயே முழு மதிப்பெண் வாங்கிவிடலாம் என்பது எங்கள் மாணவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

இந்தக் குறை நேற்று முளைத்ததும் அன்று. அமெரிக்க ஆய்வாளர் டொலோரஸ் டர்க்கின் தொடக்கப் பள்ளி வகுப்பறைகளில் போய் உட்கார்ந்து, நேரம் எப்படிச் செலவாகிறது என்று நிமிடக் கணக்கில் குறித்து, 1978-79இல் வெளியிட்ட ஆய்வை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். நான்காம் வகுப்பில் கவனிக்கப்பட்ட 4,469 நிமிட வாசிப்புப் பாடத்தில், புரிந்துகொள்வது எப்படி என்று கற்றுக்கொடுக்கச் செலவானது 20 நிமிடம். ஆசிரியர்கள் சும்மா இருக்கவில்லை. பயிற்சித்தாள் கொடுத்தார்கள், கேள்வி கேட்டார்கள், விடை சரியா தவறா என்று பார்த்தார்கள். சோதனை நடந்தது, கற்பித்தல் நடக்கவில்லை. அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. இப்போது அந்தச் சோதனைக்கு ஒரு கடிகாரமும் ஒரு செயலியும் கிடைத்திருக்கின்றன. எனவே நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: புரிதலைச் சோதிப்பதற்கு முன் அதைக் கற்பிக்க எங்களுக்கு நேரம் கொடுங்கள்.

சரளமாக வாசிப்பது தேவையில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எழுத்துக்கூட்டித் தடுமாறும் குழந்தை வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கத்தை மறந்துவிடுகிறது. அதன் கவனம் முழுவதும் எழுத்திலேயே தீர்ந்துபோகிறது. பிலிப் காஃப், வில்லியம் டன்மர் ஆகிய இரு வாசிப்பு ஆய்வாளர்கள் 1986இல், படித்துப் புரிந்துகொள்வது என்பது எழுத்தைச் சொல்லாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் கிடைப்பது என்றார்கள். அவர்கள் கூட்டல் என்று சொல்லவில்லை. இரண்டில் ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம்தான். உங்கள் சுற்றறிக்கை முதல் எண்ணை மாதம் தவறாமல் அளக்கச் சொல்கிறது, இரண்டாவது தானாக வந்துவிடும் என்று நம்புகிறது. எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒட்டி நடக்கும் தமிழில் இந்த நம்பிக்கை கூடுதல் ஆபத்தானது. எழுத்துகளைக் கற்ற குழந்தை, ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாத பத்தியைக்கூடக் கணீரென்று வாசித்துவிடும். பார்வையிட வந்தவர்களும் மனம் நிறைந்து கையெழுத்திட்டுப் போய்விடுவார்கள்.

சுற்றறிக்கையின் முகப்பில் உலக வங்கியின் ‘கற்றல் வறுமை’ கணக்கை எடுத்துக்காட்டியிருந்தீர்கள். குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் 10 வயதுக் குழந்தைகளில் 53 விழுக்காட்டினரால் ஓர் எளிய பகுதியைப் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று 2019இல் வெளியான கணக்கு அது. பெருந்தொற்றுக்குப் பிறகு, 2022இல், அது ஏறத்தாழ 70 விழுக்காடு என்று மதிப்பிடப்பட்டது. அந்தக் கணக்கு குழந்தைகள் நிமிடத்துக்கு எத்தனை சொல் வாசித்தார்கள் என்பதைப் பற்றியது அல்ல. மேற்கோளில் புரிதலை வைத்துவிட்டு உத்தரவில் கடிகாரத்தை வைத்தது எப்படி என்பதை யாராவது எங்களுக்கு விளக்கினால் நன்றாக இருக்கும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தனக்குப் புரியவில்லை என்பதே பல குழந்தைகளுக்குத் தெரிவதில்லை. எல்லன் மார்க்மன் 1979இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு மீன்களைப் பற்றிய ஒரு கட்டுரை வாசித்துக் காட்டப்பட்டது. கடலின் அடியில் வெளிச்சமே இல்லை என்று அது சொல்கிறது. அங்கே வாழும் சில மீன்கள் தங்கள் உணவை அதன் நிறத்தைக் கொண்டு அறிந்துகொள்கின்றன என்றும் சொல்கிறது. இருட்டில் நிறம் எப்படித் தெரியும் என்று குழந்தைகளில் பலர் கேட்கவே இல்லை. எல்லாம் சரியாக இருப்பதாகவே எண்ணினார்கள். ‘புரிந்ததா?’ என்று நாம் கேட்கும்போது வகுப்பு முழுவதும் ஒரே குரலில் ‘புரிந்தது’ என்று சொல்வதன் மதிப்பு இவ்வளவுதான்.

கற்பிக்க வழி இல்லாமல் இல்லை. பலின்சர், பிரவுன் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1984இல் விவரித்த முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். எழுத்தைச் சரியாக வாசித்தும் பொருளைப் பிடிக்க முடியாத ஏழாம் வகுப்பு மாணவர்களைச் சிறு குழுவாக உட்காரவைத்து, ஒரு பகுதியைப் படித்ததும் அதைச் சுருக்கிச் சொல்வது, அதிலிருந்து ஒரு கேள்வி கேட்பது, புரியாத இடத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது ஆகிய நான்கையும் ஆசிரியர் முதலில் வாய்விட்டுச் செய்துகாட்டினார். பிறகு மாணவர்கள் ஒவ்வொருவராக ஆசிரியர் இடத்தை எடுத்துக்கொண்டார்கள். அவர்களின் புரிதல் தெளிவாக உயர்ந்தது. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், நேரம் வேண்டும். ஒரே ஒரு பத்திக்கு ஒரு பாடவேளை முழுவதும் போய்விடும். நான் அப்படிச் செய்த மாதத்தில், பாடப்பகுதி ஏன் முடியவில்லை என்று விளக்கம் கேட்டு எனக்குக் குறிப்பாணை வந்தது. பத்தியில் இல்லாத மழையை இப்போது என் வகுப்பில் சிலர் கண்டுபிடிக்கிறார்கள் என்று நான் எழுதிய விளக்கம் ‘ஏற்புடையதல்ல’ என்று திரும்பி வந்தது.

வாசிப்புப் பயிற்சிக்கு இடம் வேண்டும் என்று சொல்லி நூலகப் பாடவேளையையும், கீழ் வகுப்புகளில் அறிவியல், சமூகவியல் வேளைகளில் ஒரு பங்கையும் எடுத்துக்கொண்டீர்களே, அதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பகுதியை மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் அந்த ஆட்டத்தை நன்கு அறிந்திருந்தவர்கள், வாசிப்பில் கெட்டிக்காரர்களாக இருந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். செடி, விண்மீன், வரலாறு, கதை என்று எதைப் பற்றியும் கேள்விப்படாத பிள்ளைக்கு எந்தப் பத்தியைக் கொடுத்தாலும் அது பொலுகைதான். புரிதலை வளர்ப்பதற்காகப் புரிதலுக்கு அடிப்படையான அறிவை வெட்டியிருக்கிறீர்கள். கடிகாரம் வாங்க நிதி இருந்தது, செயலி எழுத நிதி இருந்தது, அதைப் பயன்படுத்த எங்களுக்கு நாள் முழுவதும் பயிற்சி தர நிதி இருந்தது. குழந்தைகள் ஒரு கதைப் புத்தகத்தை மடியில் வைத்துப் புரட்டுவதற்கு மட்டும் அட்டவணையில் இடம் இல்லை. அடுத்து, சிந்திப்பதற்கும் நிமிடத்துக்கு இத்தனை என்று இலக்கு வருமோ என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்கிறோம். நகைச்சுவைக்காகத்தான் என்றாலும், யாரும் அவ்வளவாகச் சிரிப்பதில்லை.

குரல் சற்று உயர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததைப் பணிவோடு கேட்கிறேன். வாரத்தில் சில பாடவேளைகளையாவது எந்த அளவீடும் பதிவேற்றமும் இல்லாமல், குழந்தைகளோடு உட்கார்ந்து ஒரு பத்தியைப் பேசிப் புரிந்துகொள்வதற்கென்று ஒதுக்கித் தாருங்கள். அப்படிச் செய்யும் ஆசிரியரிடம் பாடப்பகுதி முடியாததற்கு விளக்கம் கேட்காதீர்கள். ஐந்து கேள்விகளில் குறைந்தது இரண்டு, விடை பத்தியில் அச்சாகாத கேள்விகளாக இருக்கட்டும். குழந்தை தன் சொந்தச் சொற்களில் சொல்லும் விடையை ஏற்றுக்கொள்ளச் செயலியிலும் ஒரு வழி செய்யுங்கள். எடுத்துக்கொண்ட நூலக வேளையைத் திருப்பித் தாருங்கள். இவை எல்லாவற்றையும் உடனே செய்ய முடியாது என்றால், முதலாவதை மட்டுமாவது செய்யுங்கள்: சோதிப்பதற்கு முன் கற்பிக்க நேரம் கொடுங்கள்.

அடுத்த மாத அளவீட்டுக்கான பத்திகளும் கேள்விகளும் அச்சுக்குப் போவதற்குள் இது குறித்து உங்கள் பதிலை எழுத்து வடிவில் எதிர்பார்க்கிறேன். வகுப்பறைக்கு நேரில் வந்து பார்க்க விரும்பினால் எந்த நாளிலும் வரலாம். முன்கூட்டியே தெரிவிக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தொடக்க வகுப்பு ஆசிரியை ஒருவர்