பார்க்கில் இறுகிய வண்டியைக் கயிறு கட்டி இழுக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

மாரி மழை பிடித்தால் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளத்துக்குள் ஓட்டோ கியர் கார்கள் நின்றுபோவது வழக்கம். நாலு பேர் தள்ளுவார்கள், அசையாது. பிறகு டிரக்டரில் கயிறு கட்டி, முன் சில்லு இரண்டும் உருளாமல் தேயத் தேய இழுப்பார்கள். கியர் லீவர் ‘P’ என்ற பார்க் நிலையில் இருக்கும்போது கியர்பெட்டிக்குள் ஓர் இரும்புப் பல் பற்சக்கரத்தைக் கவ்விக்கொண்டிருக்கும். இழுத்தால் உடைவது அந்தப் பல்தான்.

பற்றரி இறங்கினால் லீவர் பார்க்கை விட்டு வராது. பிரேக் மிதித்ததும் லீவரின் பூட்டைத் திறக்கும் சொலினொயிட் என்ற மின்காந்தத்துக்கு மின் வேண்டும். பற்றரி நன்றாக இருந்தும் லீவர் வரவில்லையா? ஒருவரைப் பின்னால் நிறுத்தி பிரேக் லைற் எரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எரியாவிட்டால் பிரேக் மிதிக்கு மேலுள்ள சுவிற்சோ அதன் பியூசோ போயிருக்கும். பூட்டுக்குத் தகவல் கொடுப்பதும் அதே சுவிற்ச்தான்.

லீவர் நிலத்தில் உள்ள பெரும்பாலான வண்டிகளில், அதன் பக்கத்தில் விரல்நக அளவில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். சிலவற்றில் ‘ஷிப்ட் லொக்’ என்று எழுதிய பொத்தானே இருக்கும். முதலில் ஹான்ட் பிரேக்கை இறுக்கி, சில்லுக்குக் கல் வையுங்கள். இதை மறந்தால், பூட்டு விட்ட கணமே வண்டி உருளும். திறப்பை ஓனில் வைத்து பிரேக்கை மிதியுங்கள். மூடியைக் கிளப்பி, துவாரத்துக்குள் சின்ன ஸ்குறூ டிரைவரை நேராக அழுத்தியபடி லீவரை நியூட்ரலுக்கு நகர்த்துங்கள். லீவர் டாஷ்போர்டில் உள்ள வண்டிகளில் துவாரத்தின் இடம் மாறும். கைநூலில் படம் உண்டு. அது ஜப்பான் மொழியில் இருப்பதால்தான் யாரும் புரட்டுவதில்லை. சரிவில் நின்றால் பாரம் முழுவதும் அந்தப் பல்லில் கிடக்கும், லீவரை மல்லுக்கட்டக் கூடாது. இரண்டு பேர் மேட்டுப் பக்கம் கொஞ்சம் தள்ளிக் கொடுத்தால் தானே வரும்.

தள்ளும்போது திறப்பைக் கழற்றினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். எஞ்சின் ஓடாததால் இரண்டு மூன்று மிதியில் பிரேக் கல்லுப்போல இறுகும், முழுப் பலத்தோடு மிதிக்கவேண்டும். வீதியோரம் வரை தள்ளலாம், கராஜ் வரை கட்டி இழுக்கலாகாது. எஞ்சின் நின்றால் கியர் எண்ணெய்ப் பம்பும் நின்றுவிடும். முன் சில்லில் ஓடும் காரென்றால் முன்பக்கத்தைத் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும். தண்ணீர் குடித்த எஞ்சினைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பது வேண்டாம். பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் றொட் வளையும்.

டொயோட்டா பிரியஸ் ஹைபிரிட் காரில் பூட்டைத் திறக்கும் இந்தத் துவாரமே கிடையாது. பார்க்கைப் போடுவதும் எடுப்பதும் ஒரு மோட்டார். பல பிரியஸ்களில் பன்னிரண்டு வோல்ட் பற்றரி பின்னால் இருக்கும், பின்கதவும் மின்னில்தான் திறக்கும். அதனால் பொனற்றுக்குள் பியூஸ் பெட்டியில் சிவப்பு மூடிக்குக் கீழுள்ள முனையில் ஜம்பர் கேபிள் கொடுக்கவேண்டும். பிறகு பிரேக்கை மிதித்து லீவரை நியூட்ரலில் சற்று நேரம் பிடித்து வையுங்கள். பவர் பொத்தானை அணைத்தால் வண்டி தானாகவே பார்க்குக்குப் போய்விடும்.

ஏறாவூர், வாழைச்சேனைப் பக்கத்துப் புகையிரதக் கடவையில் வண்டி நின்றால் முதலில் எல்லோரையும் இறக்கித் தண்டவாளத்தை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள். மணி அடிக்கத் தொடங்கிவிட்டால் மூடியைத் தேடவேண்டாம், வண்டியை அங்கேயே விட்டுவிடுங்கள்.

வாகனத் திருத்துநர்கள்,
கல்முனை